நிலக்கரிக்குள் மீத்தேன் எங்கே ஒளிந்திருக்கிறது? அதை எடுக்க ஏன் தண்ணீரை இறைக்க வேண்டும்?

2006 செப்டம்பர் 6. ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத் அருகே உள்ள பாட்டடிஹ் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு வெடித்தது. 50 தொழிலாளர்கள் உயிரோடு திரும்பவில்லை.

2013 டிசம்பர் 30. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக காவிரி டெல்டா கிராமங்களில் பிரசாரம் செய்துகொண்டிருந்த இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வார், பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் காலமானார்.

ஒன்று சுரங்க விபத்து. இன்னொன்று விவசாயிகளின் போராட்டக் களம். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான். நிலக்கரி எப்படி மீத்தேனைப் பிடித்து வைத்திருக்கிறது? எப்போது அதை விடுகிறது?

பதில், கண்ணுக்குத் தெரியாத துளைகளில் இருக்கிறது.

பலூனுக்குள் காற்று மாதிரியா?

மீத்தேன் என்றதும் பலரும் மனதில் நினைப்பது, பூமிக்கு அடியில் ஒரு பெரிய குகை, அதற்குள் அடைபட்ட கேஸ், மேலே ஒரு ஓட்டை போட்டால் புஸ்ஸென்று வந்துவிடும் என்பதுதான். நிலக்கரியைப் பொறுத்தவரை இது தவறு.

நிலக்கரிக்குள் இருக்கும் மீத்தேனில் 90 சதவீதத்துக்கும் மேல் காலி இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதில்லை. கரியின் உள் சுவர்களில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. பள்ளி வேதியியலில் 'பரப்புக் கவர்ச்சி' என்று படித்திருப்பீர்கள். அதேதான் இது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது வேறு. இங்கே வாயு மூலக்கூறுகள் சுவரின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது, லேசான ஈர்ப்பு மட்டும்தான். அதனால்தான் ஒட்டியது மறுபடி விடுபடவும் முடிகிறது. விடுபடுவதற்குப் பெயர் 'பரப்பு நீக்கம்'.

இதை வீட்டிலேயே தினமும் பயன்படுத்துகிறோம். ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டரில் கறுப்பாக ஒரு கார்பன் கேட்ரிட்ஜ் இருக்குமே, அது குளோரினையும் நாற்றத்தையும் பிடித்து வைக்க உதவுவது அதன் உள்ளே இருக்கும் நுண்துளைச் சுவர்கள்தான். இயற்கை அதே வேலையைப் பல கோடி ஆண்டுகளாக நிலக்கரியில் செய்து வைத்திருக்கிறது.

ஒரு கிராம் கரிக்குள் ஒரு பேட்மிண்டன் கோர்ட்

கையில் எடுத்துப் பார்த்தால் நிலக்கரி கெட்டியான கல். ஆனால் பல வகைக் கரிகளில் ஒரே ஒரு கிராமுக்குள் இருக்கும் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட முடிந்தால் 100 சதுர மீட்டரைத் தாண்டும். ஒரு பேட்மிண்டன் கோர்ட்டின் பரப்பு சுமார் 82 சதுர மீட்டர்தான்.

இவ்வளவு பரப்பு எங்கிருந்து வருகிறது? துளைகள் அவ்வளவு சின்னவை. 2 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவை நுண்துளைகள், 2 முதல் 50 வரை நடுத்தரத் துளைகள், 50-க்கு மேல் பெருந்துளைகள் என்று விஞ்ஞானிகள் பிரிக்கிறார்கள். தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைவில் வைத்தால், இங்கே 'பெருந்துளை' என்று சொல்வதும் எவ்வளவு சிறியது என்று புரியும். மீத்தேன் மூலக்கூறின் அளவு சுமார் 0.38 நானோமீட்டர். அதாவது மிகச் சிறிய துளைகளில் ஓரிரு மூலக்கூறுகள் மட்டுமே அருகருகே நிற்க முடியும்.

அந்த நெருக்கடிதான் விஷயமே. பெரிய துளையில் ஒரு மூலக்கூறை ஒரு பக்கச் சுவர் மட்டுமே இழுக்கும். குறுகிய துளையில் சுற்றியிருக்கும் எல்லாச் சுவர்களும் சேர்ந்து இழுக்கும். அதனால் நுண்துளை அதிகம் உள்ள கரி, கிட்டத்தட்ட திரவம் மாதிரி நெருக்கமாக மீத்தேனை அடுக்கி வைக்கிறது. இதே அளவுள்ள மணற்பாறையில் இருப்பதைவிடப் பல மடங்கு வாயு கரியில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தத் துளைகளை அளப்பதிலும் ஒரு சுவாரசியம் உண்டு. ஆய்வகத்தில் வழக்கமாக மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அளப்பார்கள். அப்படி அளந்தால் பல நிலக்கரிகள் கிராமுக்குச் சில சதுர மீட்டர் பரப்பைத்தான் காட்டும். அதே கரியை பூஜ்ஜியம் டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு வைத்து அளந்தால் நூறைத் தாண்டும். கரி மாறவில்லை. அந்தக் கடும் குளிரில் நைட்ரஜனால் குறுகிய வாசல்களுக்குள் நுழைய முடியவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு சோதனையை நம்பி ஒரு கரியில் எவ்வளவு மீத்தேன் தங்கும் என்று முடிவு கட்டினால் கணக்கு தப்பும்.

சந்து நிறைய, வீதி கொஞ்சம்

சரி, நுண்துளையில் இருக்கும் மீத்தேன் எப்படி வெளியே வரும்?

நிலக்கரியில் துளைகளைத் தவிர இயற்கையான விரிசல்களும் உண்டு. ஆங்கிலத்தில் இவற்றை 'கிளீட்' என்பார்கள். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக, இரண்டு வரிசையாக ஓடும். கோயில் நகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் ஓடும் நான்கு வீதிகள்தான் விரிசல்கள். அவற்றுக்கு இடையே உள்ள முட்டுச் சந்துகள்தான் நுண்துளைகள். மக்கள் (அதாவது மீத்தேன்) குடியிருப்பது சந்துகளில். ஊரை விட்டு வெளியேற வீதிக்கு வந்தாக வேண்டும்.

சந்துக்குள் மீத்தேன் ஓடாது, மெல்ல நகரும். நெரிசல் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு மூலக்கூறுகள் ஊர்ந்து வருவதற்கு விரவல் என்று பெயர். வீதியை அடைந்த பிறகுதான் அழுத்த வித்தியாசத்தால் வேகமாகப் பாயும். ஆக, எவ்வளவு மீத்தேன் தங்கும் என்பதைப் பெரும்பாலும் நுண்துளைகள் தீர்மானிக்கின்றன. எவ்வளவு வேகமாக வரும் என்பதை நடுத்தர, பெரிய துளைகளும் விரிசல்களும் தீர்மானிக்கின்றன. நிறைய வைத்திருக்கும் கரி, சுலபமாகக் கொடுக்கும் கரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சுரங்கத்தில் திடீரென ஏன்?

மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையும் தண்ணீரும் அழுத்திக்கொண்டிருக்கும் வரை மீத்தேன் அடங்கிக் கிடக்கும். சுரங்கம் தோண்டியதும் அந்த இடத்தில் அழுத்தம் சட்டென்று விழுகிறது. கோலி சோடாவில் கோலியைத் தட்டிவிட்ட மாதிரிதான். சுவரில் ஒட்டியிருந்த வாயு விடுபட்டு சுரங்கக் காற்றில் கலக்கிறது.

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு சின்ன தீப்பொறி போதும், வெடிக்கும். அதனால்தான் இந்திய விதிகளின்படி சுரங்கத்தில் ஓர் இடத்தில் 1.25 சதவீதத்தைத் தாண்டினாலே தொழிலாளர்களை வெளியேற்ற வேண்டும். தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், நிலக்கரி அடுக்குகளை வாயு வெளிப்படும் அளவை வைத்து மூன்று டிகிரிகளாகப் பிரிக்கிறது. ஒரு டன் கரி வெட்டும்போது 10 கன மீட்டருக்கு மேல் வாயு வந்தால் அது மூன்றாம் டிகிரி. ஜரியா பகுதியின் மூனிடிஹ் போன்ற ஆழமான சுரங்கங்கள் இந்த வகைதான்.

இதைவிட பயங்கரமானது 'அவுட்பர்ஸ்ட்'. இதில் வாயு கசிவதில்லை. கரிச் சுவரே உடைந்து, தூளும் வாயுவுமாகச் சுரங்கத்துக்குள் பீறிட்டு வருகிறது. 2004 அக்டோபர் 20 அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள தாபிங் சுரங்கத்தில் இப்படி வெளிவந்த வாயு வெடித்து 148 பேர் இறந்தார்கள்.

இங்கேயும் துளை அமைப்புதான் பேசுகிறது. பூமியின் அசைவுகளில் நசுங்கி, நொறுங்கிப்போன நிலக்கரி அடுக்குகள் சில இடங்களில் உண்டு. கையால் தேய்த்தாலே பொடியாகும். இந்த நசுங்கிய கரியில் ஒழுங்கான விரிசல் வீதிகள் அழிந்துவிட்டதால், வாயு முன்கூட்டியே கசிந்து வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஆனால் ஒருமுறை உடைந்துவிட்டால் துகள்கள் ரொம்பச் சின்னவை என்பதால் மூலக்கூறு கடக்க வேண்டிய தூரமும் குறைவு. முதல் சில நிமிடங்களிலேயே பெருமளவு மீத்தேன் வெளியே வந்துவிடுகிறது. அடக்கி வைப்பதும் அதுவே, மொத்தமாக அவிழ்த்து விடுவதும் அதுவே.

ஆகவே ஓர் அடுக்கில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று முன்பே அளப்பது உயிர் பிரச்சினை. துளையிட்டு கரித் துண்டை மேலே எடுத்து, உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, நிலத்தடி வெப்பநிலையில் வைத்து வெளிவரும் வாயுவை நாள்கணக்கில் அளக்கிறார்கள். கடைசியில் கரியை அரைத்து, அப்போதும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்ததை அளக்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், ஆழத்திலிருந்து டப்பாவுக்கு வருவதற்குள் பறந்துபோன பங்கு. அதை நேரடியாக அளக்க முடியாது, ஆரம்ப வேகத்தைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். வேகமாக வாயுவை விடும் கரியில் இந்தக் கணக்கு எளிதாகப் பிசகும். ஆபத்து அதிகமான கரியும் பெரும்பாலும் அதுதான்.

அழுத்தத்தைக் குறைத்தால் வந்துவிடுமா?

சுரங்கத்தில் எமனாக இருக்கும் இதே வாயு, கிணறு போட்டு எடுத்தால் எரிபொருள். இந்தியாவில் இதற்கான கொள்கை 1997-ல் வந்தது. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியில் 2007-ல் வணிக ரீதியான உற்பத்தி தொடங்கியது.

எடுக்கும் முறை ஒன்றுதான்: அழுத்தத்தைக் குறைப்பது. ஆனால் இங்கேதான் ட்விஸ்ட். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் வாயுவில் பாதி வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

1918-ல் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் ஒரு சமன்பாட்டைக் கொடுத்தார். பின்னாளில் 1932-ல் நோபல் பரிசு பெற்றவர் இவர். அழுத்தம் கூடக்கூட சுவரில் ஒட்டும் வாயு முதலில் வேகமாக அதிகரிக்கும், இடம் நிரம்ப நிரம்ப அந்த வேகம் குறைந்து கோடு படுத்துவிடும் என்பது அதன் சாரம்.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு டன் கரியால் அதிகபட்சம் 20 கன மீட்டர் வாயுவை வைத்திருக்க முடியும், 20 பார் அழுத்தத்தில் அதில் பாதி ஒட்டியிருக்கும் என்று வைப்போம். 60 பாரில் அது 15 கன மீட்டர் வைத்திருக்கும். 40 பாருக்குக் குறைத்தால் 13.3. அதாவது 20 பார் குறைத்தும் கிடைத்தது 1.7 கன மீட்டர்தான். ஆனால் 20 பாரிலிருந்து 5 பாருக்குப் போனால் 10 கன மீட்டர் 4 ஆகிறது. 15 பார் குறைத்ததில் 6 கன மீட்டர் வந்துவிட்டது! லாபம் எல்லாம் கடைசியில்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் கரி தன் கொள்ளளவு முழுக்க வாயுவை வைத்திருப்பதில்லை. மேலே சொன்ன கரியில் 15-க்குப் பதில் 10 கன மீட்டர்தான் இருக்கிறது என்றால், அழுத்தம் 60-லிருந்து 20 பாருக்கு இறங்கும் வரை ஒட்டியிருக்கும் வாயு ஒரு துளிகூட விடுபடாது.

அப்போ தண்ணீர் எங்கே வந்தது?

அந்த அழுத்தத்தைக் கொடுப்பது யார்? பெரும்பாலும் விரிசல்களில் நிரம்பியிருக்கும் தண்ணீர். ஒவ்வொரு 10 மீட்டர் நீர்த் தூணுக்கும் சுமார் 1 பார். 60 பார் என்றால் ஏறத்தாழ 600 மீட்டர் தண்ணீரின் எடை. அதை 20 பாருக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அந்த அடுக்கில் நீர்மட்டத்தை 400 மீட்டர் இறக்குவதற்குச் சமமான அளவு இறைக்க வேண்டும்.

அதனால்தான் நிலக்கரி மீத்தேன் கிணறு, சாதாரண எரிவாயுக் கிணற்றுக்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். சாதாரணக் கிணற்றில் முதல் நாள்தான் உச்சம், பிறகு குறையும். இங்கே முதலில் வருவது தண்ணீர், தண்ணீர், தண்ணீர். மாதக்கணக்கில் இறைத்த பிறகே வாயு ஏறத் தொடங்கும்.

ஒரு சின்ன நல்ல செய்தியும் உண்டு. மீத்தேன் போகப்போக கரி லேசாகச் சுருங்கும், விரிசல்கள் அகலும், பிற்பாடு வாயு சுலபமாக வரும். அமெரிக்காவின் சான் யுவான் படுகையில் இது தெளிவாகவே பதிவானது. அதே படுகையில் 1995 முதல் 2001 வரை கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி மீத்தேனைத் தள்ளிப் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடை நிலக்கரி இன்னும் அதிகமாக ஈர்க்கும் என்பதால் சுவரில் அது உட்கார, மீத்தேன் இடம் காலி செய்யும் என்பது திட்டம். வேலை செய்தது. ஆனால் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்த கரி உப்பி, விரிசல்களை அடைத்து, உள்ளே செலுத்துவதே கஷ்டமாகிவிட்டது.

நெய்வேலிக் கரியும் ஜரியா கரியும் ஒன்றா?

இல்லவே இல்லை. ஜரியாவில் இருப்பது முதிர்ந்த பிட்டுமினஸ் கரி. நெய்வேலியில் இருப்பது இளம் பழுப்பு நிலக்கரி. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான்!

இளம் கரியில் பெரிய துளைகள் அதிகம், அவற்றில் ஈரமும் அதிகம். தண்ணீர் மூலக்கூறுகள் முந்திக்கொண்டு சுவரில் ஒட்டி, சின்ன வாசல்களையும் மறித்துவிடும். மீத்தேனுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. ஆகவே ஒரு டன்னுக்குக் கிடைக்கும் வாயு பொதுவாகக் குறைவாகவும் இறைக்க வேண்டிய தண்ணீர் அதிகமாகவும் இருக்கும். முதிர்ச்சி கூடும்போது ஈரம் வெளியேறி, நுண்துளைகள் கூடி, ஆந்த்ரசைட் நிலையில் கொள்ளளவு மிக அதிகமாகிறது. இடையில் ஏற்ற இறக்கம் உண்டு, நேர்கோடு அல்ல.

முதிராத கரியிலிருந்து மீத்தேன் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகின் பெரிய உதாரணம் அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மாநிலங்களில் பரவியுள்ள பவுடர் ரிவர் படுகை. டன்னுக்கு வாயு கொஞ்சம்தான். ஆனால் அடுக்குகள் மிகத் தடிமன், ஆழம் குறைவு, விரிசல்கள் தாராளம். அதனால் ஆயிரக்கணக்கில் கிணறுகள் போட்டார்கள். பிரச்சினை என்னவென்றால், அங்கே நிலக்கரி அடுக்கேதான் மாட்டுப் பண்ணைகளுக்கு நிலத்தடி நீர் அடுக்கும். பண்ணைக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது. இறைத்து விட்ட தண்ணீரில் இருந்த சோடியம் மண்ணைக் கெடுக்கும் என்று பாசன விவசாயிகள் சண்டை போட்டார்கள். வாயு விலை சரிந்த பிறகு கைவிடப்பட்ட கிணறுகளை மூடும் செலவு அரசின் தலையில் விழுந்தது.

மன்னார்குடி என்ன ஆனது?

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் மன்னார்குடி நிலக்கரி மீத்தேன் வட்டாரத்துக்கு 2010-ல் ஒப்பந்தம் ஆனது. 2011 ஜனவரியில் அப்போதைய மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இங்கே அடியில் இருப்பதும் பழுப்பு நிலக்கரிதான்.

விவசாயிகள் எழுப்பிய முதல் கேள்வியே தண்ணீர் பற்றியதுதான். பவுடர் ரிவரில் நடந்ததைப் பார்த்தால் அது வெறும் பயம் அல்ல என்பது தெரியும். நிலக்கரி அடுக்குக்கும் மேலே இருக்கும் பாசன நீர் அடுக்குக்கும் நடுவே கெட்டியான களிமண் தடுப்பு இருந்தால் பாதிப்பு குறையலாம். தடுப்பில் ஓட்டை இருந்தால் கீழே இறைப்பது மேலே உள்ள நீரையும் இழுக்கும். கடலோர டெல்டா என்பதால் உப்புநீர் உள்ளே வரும் அபாயமும் சேர்கிறது. மேலே கொண்டுவரும் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை வயல் நடுவே எங்கே விடுவது என்பது தனிக் கேள்வி.

அந்தச் சமயத்தில் மீத்தேன், ஷேல் கேஸ், ஹைட்ரோகார்பன் எல்லாம் ஒன்றாகக் கலந்தே பேசப்பட்டன. அது குழப்பத்தைத்தான் கூட்டியது. ஷேல் பாறையில் முக்கியப் பிரச்சினை, உள்ளே அதிக அழுத்தத்தில் செலுத்தும் தண்ணீரும் ரசாயனமும். நிலக்கரியில் முக்கியப் பிரச்சினை, வெளியே எடுக்கும் தண்ணீர். நிலக்கரிக் கிணறுகளிலும் பாறையை உடைக்கும் முறை பயன்படுவது உண்டு என்றாலும், அது இல்லாமல்கூட கிணறு ஓடலாம். தண்ணீரை இறைக்காமல் பெரும்பாலும் ஓடாது.

எதிர்ப்பு வலுத்ததும் 2013-ல் ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழு அமைத்தது. 2015-ல் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது. 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. நிலக்கரி மீத்தேன், ஷேல் கேஸ், எண்ணெய் உள்ளிட்டவற்றுக்கான புதிய ஆய்வு, துளையிடல், உற்பத்தி ஆகியவற்றை அந்தச் சட்டம் மண்டலத்துக்குள் தடை செய்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே இயங்கிக்கொண்டிருந்த எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அந்தத் தடை பொருந்தாது.